பேறுகாலத் தாய்க்கு வீட்டுத் தொட்டியில் வளரும் ஊட்டம்

பிள்ளை பெற்ற தாய் வீடு திரும்பும் நாளில், "என்னென்ன கொடுக்கலாம், டாக்டர்?" என்று உடனிருக்கும் மூத்தோர் எங்களிடம் கேட்பது வழக்கம். எதைக் கொடுக்கக் கூடாது என்னும் பட்டியல் மட்டும் அவர்களிடம் முன்பே இருக்கும். பத்தியம் என்ற பெயரில் கீரையும் தண்ணீரும்கூடக் குறைக்கப்படுவதைக் காண்கிறோம். இது தேவையற்றது. தாய்ப்பால் ஊட்டும் முதல் ஆறு மாதங்களில் தாய்க்கு நாள்தோறும் சுமார் 600 கிலோகலோரி கூடுதலாகத் தேவை. பிரசவத்தில் இழந்த குருதியை ஈடுசெய்ய இரும்புச்சத்தும் வேண்டும்.

இத்தேவையின் ஒரு பகுதியை வீட்டுத் தொட்டிகளே அளிக்கும். கருவுற்ற ஏழாம் மாதத்திலேயே பயிரிடத் தொடங்கினால், பிரசவ நேரத்தில் கீரை பறிக்கலாம். பெரிய தொட்டியில் முருங்கை விதையை ஊன்றி, செடி இடுப்பளவு உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் தழைக்கும். பொன்னாங்கண்ணியின் தண்டுத் துண்டுகள் ஈரமண்ணில் எளிதில் வேர்விடும். இரவு ஊறவைத்த வெந்தயத்தை விதைத்தால் மூன்று, நான்கு வாரங்களில் கீரை கிடைக்கும். பூச்சிமருந்து தெளிக்க வேண்டாம். பறித்த கீரையை ஓடும் நீரில் நன்கு கழுவி, வேகவைத்தே கொடுங்கள். மண்வேலையை வீட்டிலுள்ள மற்றவர்கள் ஏற்பது நல்லது.

கீரையிலுள்ள இரும்புச்சத்தில் சிறு பகுதியையே உடல் ஏற்கிறது. எலுமிச்சைச் சாறு பிழிந்தோ, நெல்லிக்காயுடனோ உண்டால் அது சற்றுக் கூடும். உணவோடு அருந்தும் தேநீரும் காப்பியும் அதைக் குறைக்கும்.

ஆகவே கீரையை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பிரசவத்திற்குப் பின் 180 நாட்கள் இரும்பு, போலிக் அமில மாத்திரை உட்கொள்ள வேண்டும் என்பது நம் நாட்டின் அரசு நெறிமுறை. கால்சியம் மாத்திரையை அதனுடன் சேர்த்து விழுங்காமல், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

உணவாக உண்ணும் கீரைக்கும், செறிவான கஷாயம், பொடி, லேகியத்திற்கும் வேறுபாடு உண்டு. நீரிழிவுக்கு மருந்து உண்போரும், நிலக்கடலை ஒவ்வாமை உள்ளோரும் வெந்தயத்தை மிகுதியாகச் சேர்க்குமுன் எங்களைக் கேளுங்கள். இதய வால்வு சிகிச்சைக்காக வார்பரின் உண்ணும் தாய்மார், கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

எந்த மூலிகைச் சாற்றையும் குழந்தையின் வாயில் விடாதீர்கள். ஆறு மாதங்கள் நிறையும்வரை தாய்ப்பால் மட்டுமே போதும். மருத்துவர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்துகளைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

மூச்சிரைப்பு, படபடப்பு, மயக்கம், காய்ச்சல், அல்லது ஒரு மணி நேரத்தில் ஓர் அணையாடை முழுதும் நனையும் உதிரப்போக்கு இருப்பின், கைமருந்தில் காலம் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். தொட்டிச் செடி தாயின் உணவைச் செழிப்பாக்கும். சிகிச்சையின் இடத்தை அது நிரப்பாது.