எட்டாம் வகுப்போடு முடியும் உரிமை

தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் நான்கில் ஓரிடம் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். 2012-இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு, தனியார் பள்ளி வாங்கும் கட்டணம், இரண்டில் குறைவானதை அரசு அந்தப் பள்ளிக்குத் திருப்பித் தருகிறது. நோக்கம் நல்லது. ஆனால் வர்க்க இடைவெளியைக் குறைக்க வந்த சட்டம், அரசுப் பள்ளியை விட்டு வெளியேறுவதற்குப் பரிசு கொடுக்கிறது. வெளியேற முடிந்தவர்களும் கடைநிலையில் இருப்பவர்கள் அல்லர் என்பதுதான் சிக்கல்.

தமிழ்நாட்டில் இந்த இடத்துக்கு எப்படி விண்ணப்பிக்கிறார்கள் என்று பாருங்கள். வருமானச் சான்று அல்லது சாதிச் சான்று, பிறப்புச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாம் கையில் இருக்க வேண்டும். இணையத்தில் பதிவேற்ற வேண்டும். வீட்டுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் தனியார் பள்ளி இருக்க வேண்டும். விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். செங்கல் சூளைக்கு ஊர் ஊராகப் போகும் குடும்பத்துக்கு இருப்பிடச் சான்றிலேயே வழி அடைபட்டுவிடும். தனியார் பள்ளியே இல்லாத மலைக்கிராமத்துப் பிள்ளைக்கு இந்தச் சட்டப்பிரிவு இருந்தும் பயனில்லை. சத்தீஸ்கரில் குலுக்கல் முடிவுகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று இதையே காட்டியது: இடம் கிடைக்காத பிள்ளைகளிலும் பெரும்பாலோர் கட்டணம் கட்டித் தனியார் பள்ளியில்தான் சேர்ந்தார்கள். எப்படியும் கட்டியிருக்கக்கூடியவர்களின் கட்டணத்தைத்தான் அரசு பெருமளவு கட்டியிருக்கிறது. இடம் கிடைத்த பிள்ளைக்கும் உரிமை எட்டாம் வகுப்போடு முடிகிறது. பத்து ஆண்டு கூடப் படித்த நண்பர்கள் அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும்போது, இந்தப் பிள்ளையின் வீட்டுக்கு முழுக் கட்டணச் சீட்டு வருகிறது. பொதுத்தேர்வு நெருங்கும் நேரத்தில் பள்ளியை மாற்ற வேண்டிய நிலை.

"ஏழைப் பிள்ளை நல்ல பள்ளியில் படிப்பதைத் தடுக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அரசுப் பள்ளி சீராகும்வரை காத்திருங்கள் என்று எந்தத் தாயிடமும் சொல்ல முடியாது. ஒன்றாகப் படிப்பதால் வரும் நன்மையும் உண்மை: டெல்லியின் வசதியான பள்ளிகளில் கௌதம் ராவ் செய்த ஆய்வில், ஏழை வகுப்புத் தோழர்களோடு படித்த பணக்காரப் பிள்ளைகளிடம் பாகுபாடு குறைந்து, பிறருக்கு உதவும் மனம் கூடியிருந்தது, படிப்பும் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. எனவே இட ஒதுக்கீட்டை எடுத்துவிடச் சொல்லவில்லை. கல்விச் சமத்துவத்துக்கு அதுவே போதும் என்று அரசு நினைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. எல்லா வர்க்கத்துப் பிள்ளைகளும் படிக்கும் பொதுப்பள்ளி முறையைக் கோத்தாரி ஆணையம் 1966-இலேயே பரிந்துரைத்தது.

இதே தமிழ்நாட்டில் இந்தத் தனியார் பள்ளி ஒதுக்கீட்டுக்கு நேர் எதிர்த்திசையில் செல்லும் கொள்கையும் உண்டு. நீட் வந்தபின் அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை இருந்தது. 2020-இல் அவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்ததும், அந்த ஆண்டே மருத்துவம், பல் மருத்துவம் இரண்டிலும் சுமார் 400 இடங்கள் கிடைத்தன. பொதுவாக ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே இந்தச் சலுகை. அதாவது, அங்கேயே தொடர்ந்து படிப்பதற்குப் பலன். தகுதி குறையும் என்ற எதிர்ப்பு எழுந்தது. ஆனால் அரசுப் பள்ளி மாணவர்களும் நீட் எழுதித் தேர்ச்சி பெற்றே வருகிறார்கள். வருடக்கணக்கில் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டியவரின் மதிப்பெண்ணையும் கட்ட முடியாதவரின் மதிப்பெண்ணையும் அப்படியே ஒப்பிடுவதுதான் தகுதியைத் தவறாக அளப்பது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த ஒதுக்கீட்டை உறுதிசெய்தது. ஆனால் இதுவும் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவர்களுக்குத்தான் கைகொடுக்கும்.

அதற்கு முன்பே பள்ளியை விட்டு நிற்பவர்களுக்கு, கல்வி உரிமையைப் பன்னிரண்டாம் வகுப்புவரை நீட்டுவதுதான் முதல் வேலை. 2019-இல் வெளியான தேசியக் கல்விக் கொள்கை வரைவு இதைப் பரிந்துரைத்தது. சட்டத்தில் இன்னும் வயது வரம்பு 14-தான்.