விடுமுறை அறியாத பசி

தில்லைத் திருத்தலத்தின் பழைய வரலாறுகளுள் ஒன்று, ஒரு குழந்தையின் பசியைப் பற்றியது. வியாக்கிரபாத முனிவரின் மைந்தர் உபமன்யு பாலுக்கு அழுதார். தவக்குடிலில் பால் இல்லை. அழுகையோ நிற்கவில்லை. கூத்தப்பெருமான் ஒரு கிண்ணம் பால் தரவில்லை. பாற்கடலையே வரவழைத்துக் கொடுத்தான். தில்லைக்குத் தெற்கே சீர்காழியில், மூன்று வயதுப் பிள்ளையாகிய ஞானசம்பந்தர் குளக்கரையில் நின்று அழுதபோது, உமையம்மை பொற்கிண்ணத்தில் ஞானப்பால் ஊட்டினாள். குழந்தை அழுதது, இறைவன் ஊட்டினான். இடையில் வேறு கேள்வி எழவில்லை.

இவ்வரலாறுகளைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி மகிழும் பெரியோர், ஆண்டுதோறும் கோடையில் ஒன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பள்ளி மூடியிருக்கும் நாள்களில், பள்ளிச் சோற்றையே நம்பியிருந்த பிள்ளை எங்கே உண்கிறது?

பள்ளி மணி ஒலிக்காத நாள்கள்

பள்ளிப் பிள்ளைக்குச் சோறிடுவதில் தமிழகம் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம். 1920-ஆம் ஆண்டில், சர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த காலத்தில், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கப்பெற்றது. 1956-இல் பெருந்தலைவர் காமராசர் அதனை மாநிலத் திட்டமாக விரித்தார். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், முதற்கட்டமாக 1,545 அரசு தொடக்கப் பள்ளிகளை எட்டியது. அடுத்த ஆண்டில் மாநிலம் முழுவதும் விரிந்தது. நூறாண்டுக் காலமாக ஒருவர் ஏற்றிய விளக்கை மற்றொருவர் தூண்டிவந்த அறம் இது.

ஆயினும் இவ்வறத்துக்கு ஓர் எல்லை உண்டு. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளுக்கு நாள்தோறும் ஒரு வேளை உணவை உரிமையாக்குகிறது. அதே வரியில், பள்ளி விடுமுறை நாள்களை விலக்கியும் வைக்கிறது. ஓராண்டில் பள்ளி வேலைநாள்கள் ஏறத்தாழ 210 முதல் 220 வரையே. எஞ்சிய நாள்களில் வயிறு வீட்டின் பொறுப்பு.

இந்த இடைவெளியை உச்ச நீதிமன்றம் முன்னரே கண்டது. வறட்சி தாக்கிய பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு வழங்கப்பெற வேண்டும் என்று 2004 ஏப்ரல் 20 அன்று ஆணையிட்டது. வறட்சி என்று அறிவிக்கப்பெற்ற ஊருக்கு அந்த ஆணை துணை. அறிவிக்கப்பெறாத ஊரிலும் வறண்ட அடுப்புகள் இருக்கலாம் அன்றோ?

வெள்ளாற்றங்கரையில் கோடை

கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்பு நீர்வளத்தால் பெயர்பெற்ற ஊர். வெள்ளாற்றின் குறுக்கே அணைக்கட்டு; அருகே சோழர் காலத்து வீராணம் ஏரி. கிழக்கே தில்லை, மேற்கே பூவராகப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் ஸ்ரீமுஷ்ணம், வடக்கே வடலூரும் நெய்வேலி நிலக்கரி நகரமும். வீராணத்து நீர் 2004 முதல் குழாய்வழியே சென்னை வரை சென்று தாகம் தீர்க்கிறது.

இத்தகைய ஊரிலும் சித்திரையும் வைகாசியும் கடினமான மாதங்களே. சம்பா அறுவடை தை, மாசியோடு முடிந்துவிடும். வாய்க்கால்கள் வறண்டிருக்கும். குறுவைக்கு நீர் வரும் வரை வயல்வேலை அரிது. மேட்டுநிலத்து முந்திரித் தோப்புகளில் சிலருக்கு வேலை கிடைக்கும், எல்லோருக்கும் கிடைக்காது. தாயும் தந்தையும் வேலை தேடி வெளியூர் சென்றுவிட, பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவைக்கும் குடும்பங்கள் தமிழகத்துச் சிற்றூர்களில் எங்கும் உண்டு. நியாயவிலைக் கடை அரிசி பெரும்பசியைத் தடுக்கும். ஆனால் பள்ளியில் கிடைத்த பருப்பும் காயும் முட்டையும் அந்த அரிசியோடு வருவதில்லை. காலைக் கஞ்சிக்குப் பின் மாலை வரை எதுவும் இல்லாமல் தெருவில் சுற்றும் பிள்ளையைக் கண்டு, விளையாட்டு மிகுதியால் வீடு மறந்தான் என்று நாம் எண்ணிவிடுகிறோம். வீட்டில் உலை ஏறாததை அறிந்தே அவன் திரும்பாமலும் இருக்கலாம்.

பள்ளி நடக்கும்போது பசித்த பிள்ளையை ஆசிரியர் கண்டுகொள்வார். விடுமுறையில் கண்டுகொள்ள ஒருவரும் இல்லை. அதுவே விடுமுறைப் பசியின் கொடுமை.

வைகாசியில் மூட்டிய அடுப்பு

இதற்கு விடை தேடிப் பக்தர்கள் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சேத்தியாத்தோப்பிலிருந்து வடக்கே பேருந்தேறினால் வடலூர்.

தில்லைக்கு அருகில் மருதூரில் 1823 அக்டோபர் 5 அன்று தோன்றியவர் இராமலிங்க வள்ளலார். 1867 மே 23 அன்று, பிரபவ ஆண்டு வைகாசி 11-ஆம் நாள், வடலூரில் சத்திய தருமச்சாலையை அவர் தொடங்கினார். அதற்கான நிலத்தைப் பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து அளித்தனர். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையவில்லை. சாதியும் சமயமும் ஊரும் கேட்காமல், வந்தவர்க்கெல்லாம் சோறு.

அந்த நாளைப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். மே 23 இன்றைய பள்ளிகளின் கோடை விடுமுறைக்கு நடுவில் வருகிறது. கடும் வெயில், வேலையில்லாக் காலம், வெறும் குதிர்: பசி மிகுந்திருக்கும் பருவத்திலேயே வள்ளல் பெருமான் அடுப்பை மூட்டினார். அது தொடங்கி ஒன்பதாண்டுகளில், 1876 முதல் 1878 வரை, தென்னாட்டைப் பெரும்பஞ்சம் வாட்டியது. பஞ்சம் வந்த பின் தொடங்கியதன்று தருமச்சாலை. அதற்கு முன்பே எரிந்துகொண்டிருந்தது.

'சீவகாருண்ய ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலில், பசி உடலையும் உள்ளத்தையும் அறிவையும் எவ்வாறு படிப்படியாக அழிக்கிறது என்பதை அவர் ஒரு மருத்துவரைப் போல விளக்குகிறார். பசித்தவர்க்கு உணவளிப்பதை வழிபாட்டின் துணைச் செயலாக அவர் வைக்கவில்லை. அதுவே வழிபாடு என்றார். சோற்றோடும் அவர் நின்றுவிடவில்லை. தமிழும் வடமொழியும் ஆங்கிலமும் கற்பிக்கும் பாடசாலை ஒன்றையும் ஏற்படுத்தினார். வயிற்றுக்கு உணவும் அறிவுக்குப் பயிற்சியும் ஒருங்கே வேண்டும் என்பது அவர் கண்ட நெறி.

கடல் கடந்த நாடுகளில்

செல்வம் மிக்க நாடுகளும் இதே நெறிக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அமெரிக்காவில் கோடைக்கால உணவுத் திட்டம் 1968-இல் சோதனை முயற்சியாகத் தொடங்கி, 1975-இல் நிலையான திட்டமாயிற்று. தேவாலயங்களும் பூங்காக்களும் பள்ளிக்கூடங்களும் விடுமுறையில் பிள்ளைகள் வந்து உண்ணும் இடங்களாயின. இங்கிலாந்தில் 2018-இல் சில இடங்களில் தொடங்கிய விடுமுறைத் திட்டம், 2021-இல் நாடு முழுவதற்கும் விரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டில், இளமையில் பசி அறிந்த மார்கஸ் ராஷ்ஃபோர்டு என்னும் கால்பந்து வீரர், விடுமுறையிலும் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவு வேண்டும் என்று வாதாடி அரசின் மனத்தை மாற்றினார்.

அத்திட்டங்களில் நாம் கருத்தில் கொள்ளவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அங்கே பிள்ளைகளை 'உணவுக்கு வாருங்கள்' என்று மட்டும் அழைப்பதில்லை. விளையாட்டுக்கும் கலைக்கும் கைத்தொழிலுக்கும் அழைக்கிறார்கள். உணவு நடுவில் இயல்பாக வருகிறது. வந்த பிள்ளை ஆட வந்ததா, உண்ண வந்ததா என்று ஒருவரும் அறிய வேண்டியதில்லை. அதனால் அதன் மானம் காக்கப்பெறுகிறது.

திருக்கோயில் செய்யக்கூடியது

இதற்கு வேண்டிய அனைத்தும் நம் கோயில்களில் முன்னரே இருக்கின்றன. 2002-ஆம் ஆண்டு முதல் அறநிலையத் துறையின் பல கோயில்களில் நண்பகல் அன்னதானம் நடைபெறுகிறது. மடைப்பள்ளி உண்டு, நிழல்தரும் மண்டபம் உண்டு, கிணறு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, நேரமும் அன்பும் கதைகளும் உடைய முதியோர் நாள்தோறும் அங்கே வருகிறார்கள்.

அன்னதானம் இல்லாத சிறிய கோயிலிலும் நான்கைந்து குடும்பங்கள் முறை வைத்துக்கொண்டால் போதும். காலை பத்து மணிக்குப் பிள்ளைகள் கூடட்டும். ஒருவர் தேவாரமும் திருப்பாவையும் கற்பிக்கலாம். ஒருவர் கோலத்தின் புள்ளிக் கணக்கையும், மற்றொருவர் பல்லாங்குழியையும் பரமபதத்தையும் சொல்லித்தரலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளையை அருகே அமர்த்திக்கொள்ளலாம். அப்பர் பெருமான் காட்டிய உழவாரப் பணியை, வெயில் ஏறும் முன் சிறிது நேரம் செய்யலாம். இடையில் நீர்மோர். நண்பகலில் பந்தி.

உணவு எளியதாக இருந்தால் போதும். சத்துடையதாக இருக்க வேண்டும். சாம்பார் சாதமும் ஒரு காயும், கீரையும், கொண்டைக்கடலைச் சுண்டலும், கேழ்வரகுக் கூழும் செலவு மிகாதவை. சர்க்கரைப் பொங்கலை மட்டும் நாள்தோறும் வழங்கினால் நா மகிழும், உடல் வளராது. கோடையில் சோறு விரைவில் கெடுமாதலால், சமைத்த உணவை அன்றே, சூட்டோடு பரிமாற வேண்டும். அன்னதானம் வழங்குமிடம் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெறுவதும், குடிநீரைக் காய்ச்சி வைப்பதும் பிள்ளைகளின் நலனுக்கான காவல்கள்.

நேரம் தவறாமையும் அறத்தின் பகுதியே. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, சம்பந்தரும் அப்பரும் இறைவன் நாள்தோறும் அளித்த படிக்காசைக் கொண்டு அடியார்க்கு அமுது படைத்தனர். தம் மடத்துக் காசை மாற்றுவதில் காலதாமதம் ஆனதால் அடியார் உண்பது தாழ்த்ததை அறிந்த சம்பந்தர், அக்குறை தீரப் பெருமானிடமே முறையிட்டுப் பாடினார். சற்று நேரத் தாமதத்தையும் பொறுக்காத கருணை அது.

இன்னும் சில நெறிகளும் வேண்டும். பிள்ளையிடம் குலமோ வீட்டு நிலையோ கேட்கலாகாது. உண்ணும் பிள்ளையைப் படமெடுத்து நன்கொடையாளர் பெயரோடு பரப்பலாகாது. வசதியுள்ள வீட்டுப் பேரப்பிள்ளைகளும் அதே பந்தியில், அதே இலையில் அமரட்டும். பெரிய பிள்ளைகள் பரிமாறட்டும். இன்று சோறு வாங்கிய கை நாளை கரண்டி பிடிக்கும்போது, தானம் பெற்றோம் என்ற கூச்சம் அகன்று, பணி செய்தோம் என்ற நிறைவு தங்கும்.

கோடை விடுமுறைக்கு வரும் சொந்தப் பேரப்பிள்ளைகளுக்காக எத்தனையோ வீடுகளில் முறுக்கும் அதிரசமும் முன்கூட்டியே செய்து டப்பாக்களில் நிறைகின்றன. அந்த அன்பின் ஒரு பிடி கோயில் மண்டபத்துக்கும் வருமானால், சேத்தியாத்தோப்பிலும் மற்ற ஊர்களிலும் பள்ளி திறக்கும் வரை பிள்ளைகள் காத்திருக்க வேண்டியதில்லை. இவ்வாண்டு வைகாசி 11 வரும்போது, வடலூர் சென்று அணையா அடுப்பை வணங்குவது நன்று. அங்கே செல்ல இயலாத முதியோர், தம் தெருவில் ஒரு பிள்ளையை அழைத்து இலை போட்டாலும் வள்ளல் பெருமானுக்கு அது உவப்பான வழிபாடே ஆகும்.