விண்ணிலிருந்து வந்த தேவர்கள்

சில நாள்களுக்கு முன் கல்லூரி மாணவர் ஒருவர் வேடிக்கைச் சித்திரக் கதை ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். கிரேக்கர் வணங்கிய ஜீயஸும் அப்போலோவும் வேற்று உலகத்தார் என்றும், அவர்களுடைய விண்கலம் ஒலிம்பஸ் மலையில் பழுதுபட்டு நின்றது என்றும் அக்கதை கூறிற்று. நானும் படித்துச் சிரித்தேன். ஆனால் அவர், "ஐயா, உண்மையிலும் இப்படி நடந்திருக்கலாம் அல்லவா?" என்று கேட்டபோது என் சிரிப்பு நின்றுவிட்டது.

அன்பர்களே, இத்தகைய கற்பனை நேற்றுத் தோன்றியதன்று. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் சாமொசாட்டா நகரில் பிறந்து கிரேக்க மொழியில் எழுதிய லூசியன், 'உண்மை வரலாறு' என்னும் நூலில் ஒரு கப்பலைச் சூறைக்காற்றில் ஏற்றிச் சந்திரனுக்கு அனுப்பினார். அங்கே அரசன் யார்? புராணத்தில் சந்திரதேவி காதலித்த எண்டிமியான். சூரியனை ஆள்பவனோ, தந்தையின் தேரை அடக்கமாட்டாமல் அழிந்த ஃபேத்தான். விடிவெள்ளியில் குடியேறும் உரிமைக்காக இருவரும் போர் புரிகின்றனர். 12 யானைப் பருமனுள்ள தெள்ளுப் பூச்சிகள்மேல் வில்லாளர் ஏறி வருகின்றனர்!

அவருடைய மற்றொரு நூலில் மெனிப்பஸ் என்பவன் சிறகு கட்டிக்கொண்டு வானுலகை அடைகிறான். அங்கே ஜீயஸ், கிணற்றுவாய் போன்ற திறப்புகளின் மூடியை எடுத்து, மண்ணுலகோர் வேண்டுதல்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். உழவன் மழை கேட்கிறான். சலவைத் தொழிலாளி வெயில் கேட்கிறான். பாவம், தேவர் தலைவர் என்ன செய்வார்! நகைப்பு தேவரை நோக்கிச் செல்வதுபோல் தோன்றினும், அது சென்று தைப்பது நம் ஆசைகளையே.

'உண்மை வரலாறு' என்று பெயரிட்ட லூசியன், தாம் எழுதுவது யாவும் பொய், எவரும் நம்ப வேண்டா என்று முகவுரையிலேயே கூறிவிட்டார். அதுவே அவருடைய நேர்மை. 1967இல் 'ஸ்டார் டிரெக்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் அப்போலோவை விண்வெளிப் பயணியாகக் காட்டியபோதும், 1976இல் ஜாக் கிர்பி 'எட்டர்னல்ஸ்' என்னும் சித்திரக் கதையில் பண்டைத் தேவர்களுக்கு விண்வெளித் தொடர்பு கற்பித்தபோதும், அவை கதை என்ற பெயருடனேயே வந்தன.

1968இல் எரிக் ஃபான் டேனிக்கன் எழுதிய நூலோ வேறு வகை. பண்டை மக்கள் தேவர் என்றது விண்வெளியாரைத்தான் என்று அது மெய்போல வாதித்தது. எகிப்தியப் பிரமிடுகளைக் கட்டியவர்களின் திறமையையும் ஐயுற்றது. ஆனால் 2013இல் செங்கடற்கரையில் 4,500 ஆண்டுப் பழமையுள்ள பாப்பிரசு ஏடுகள் கிடைத்தன. மெரர் என்னும் மேற்பார்வையாளன், தூராவில் வெட்டிய சுண்ணாம்புக் கல்லைத் தன் ஆட்களுடன் படகில் ஏற்றிக் கீசாவுக்குக் கொண்டுசென்றதை நாள்வாரியாகக் குறித்து வைத்திருக்கிறான்.

மாணவரிடம் நான் சொன்னது இதுதான்: "தம்பி, கதையைப் படித்து நன்றாகச் சிரியுங்கள். அதையே வரலாறு என்று கொண்டால், வியர்வை சிந்திக் கல் சுமந்த மெரரின் ஆட்களுக்கு உரிய பெருமையை, வந்தே அறியாத ஒருவனுக்குக் கொடுத்தவர்களாவோம்."