பெல்பின் குழுப் பங்குகள்

பெல்பின் குழுப் பங்குகள் என்பது, பணியிடத்தில் ஒரு குழுவாக இணைந்து செயற்படுவோரிடம் இயல்பாக வெளிப்படும் நடத்தைப் பாங்குகளை ஒன்பது வகைகளாகப் பிரித்து விளக்கும் ஒரு மேலாண்மைக் கோட்பாடு ஆகும். இதனை உருவாக்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த மெரிடித் பெல்பின் என்னும் ஆய்வாளர் ஆவார். ஒரு குழுவின் வெற்றி அதன் உறுப்பினர்களின் அறிவுத்திறனின் கூட்டுத்தொகையால் மட்டும் அமைவதில்லை, வெவ்வேறு வலிமை உடையோர் ஒருவரை ஒருவர் நிறைவு செய்வதாலேயே அமைகிறது என்பது இக்கோட்பாட்டின் சாரம். நிறுவனங்களில் குழுக்களை அமைக்கவும், ஏற்கனவே உள்ள குழுக்களின் குறைபாடுகளைக் கண்டறியவும் இது பயன்படுகிறது.

குழுப் பங்கு என்பது பதவியில் இருந்து வேறுபட்டது. கணக்காளர், நிரலாளர், விற்பனையாளர் என்பன ஒருவர் செய்யும் தொழிலைக் குறிக்கின்றன. அதே ஒருவர் கூட்டத்தில் புதிய கருத்துகளை முன்வைப்பவரா, பிறர் கருத்துகளை எடைபோடுபவரா, முடிவு எட்டப்பட்டபின் அதனைச் செய்து முடிப்பவரா என்பதைக் குழுப் பங்கு குறிக்கின்றது.

ஆய்வின் வரலாறு

இங்கிலாந்தில் தேம்சு ஆற்றங்கரையில் அமைந்திருந்த ஹென்லி மேலாண்மைக் கல்லூரியில், பணியில் உள்ள மேலாளர்களுக்குப் பயிற்சிகள் வழங்கப்பட்டன. அப்பயிற்சியின் ஒரு பகுதியாக, குழுக்கள் கற்பனை நிறுவனங்களை நடத்தி ஒன்றோடொன்று போட்டியிடும் வணிக விளையாட்டு ஒன்று இருந்தது. ஒவ்வொரு விளையாட்டிலும் எட்டுக் குழுக்கள் பங்கேற்றன. இறுதியில் எந்தக் குழு கூடிய நிதிப் பலனை ஈட்டியது என்பதை எண்களால் அளக்க முடிந்தமையால், இது குழுக்களை ஆராய ஏற்ற களமாக அமைந்தது.

1969 இல் பெல்பின் இக்களத்தைத் தம் ஆய்வுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார். ஆய்வு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்தது. பங்கேற்பாளர்கள் முன்கூட்டியே ஆளுமைச் சோதனைகளுக்கும் திறனாய்வுச் சிந்தனைச் சோதனைக்கும் உட்படுத்தப்பட்டனர். அவற்றின் முடிவுகளைக் கொண்டு குழுக்கள் திட்டமிட்டு அமைக்கப்பட்டன. விளையாட்டின்போது நோக்கர்கள் அருகிருந்து, யார் வினவுகிறார், யார் முன்மொழிகிறார், யார் எதிர்க்கிறார் என்பன போன்ற விவரங்களை அரை நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொண்டனர். பிரித்தானியச் சதுரங்க வாகையர் பட்டம் வென்றவரான பில் ஹார்ட்சுடன் இவ்வாய்வில் பணியாற்றியோரில் ஒருவர்.

ஆய்வின் முடிவுகளை 1981 இல் வெளியான தமது நூலில் பெல்பின் விவரித்தார். மேலாண்மைக் குழுக்கள் ஏன் வெல்கின்றன அல்லது தோற்கின்றன என்பதே அந்நூலின் பொருள். ஹென்லி மேலாண்மைக் கல்லூரி 2008 இல் ரெடிங் பல்கலைக்கழகத்துடன் இணைந்து ஹென்லி வணிகப் பள்ளி ஆனது.

அப்பல்லோ குழுக்கள்

இவ்வாய்வின் மிகவும் அறியப்பட்ட பகுதி இதுவாகும். சோதனைகளில் உயர்ந்த மதிப்பெண் பெற்றோரை எல்லாம் ஒரே குழுவில் சேர்த்தால் அக்குழு எளிதில் வெல்லும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. பெல்பின் அத்தகைய குழுக்களை அமைத்து, அவற்றுக்கு அப்பல்லோ எனப் பெயரிட்டார். அவ்வாறு அமைந்த 25 குழுக்களில் மூன்று மட்டுமே முதலிடம் பெற்றன. எட்டுக் குழுக்களில் ஆறாவதாக வருவதே அவற்றுக்கு மிகவும் வழக்கமான நிலையாக இருந்தது.

இத்தோல்விக்கு அவர் சுட்டிய காரணங்கள்:

* உறுப்பினர்கள் பயனற்ற விவாதங்களில் நேரத்தைச் செலவிட்டனர். ஒவ்வொருவரும் அடுத்தவர் வாதத்தில் உள்ள குறையைக் காண்பதில் வல்லவராக இருந்தனர்.
* தம் கருத்தைப் பிறர் ஏற்கவேண்டும் என்று முயன்றனர், பிறர் கருத்தை ஏற்று மாறியவர் அரிது.
* ஒருவர் செய்வதை மற்றவர் கருத்தில் கொள்ளாமல் அவரவர் வழியில் சென்றனர். ஆகையால் முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.
* அவசரமாகச் செய்யவேண்டிய எளிய பணிகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன.

இதனை உணர்ந்த சில குழுக்கள் மோதலைத் தவிர்க்க முற்பட்டு, தேவையான விவாதத்தையும் கைவிட்டன. அதுவும் நற்பலன் தரவில்லை.

மாறாக, வெற்றி பெற்ற குழுக்களில் பொறுமையும் கட்டுப்பாடும் உடைய ஒரு தலைவர் இருந்தார். ஆழ்ந்த கற்பனை வளம் உடைய ஒருவர் இருந்தார். ஏனையோரின் அறிவுத்திறன் ஒரே அளவில் இல்லாமல் பரவலாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொருவருக்கும் அவரவர் இயல்புக்கு ஏற்ற பொறுப்பு கிடைத்திருந்தது.

ஒன்பது பங்குகள்

தொடக்கத்தில் எட்டுப் பங்குகளே வரையறுக்கப்பட்டன. துறை வல்லுநர் என்னும் ஒன்பதாவது பங்கு பின்னர் சேர்க்கப்பட்டது. இவை மூன்று தொகுதிகளாக வகுக்கப்படுகின்றன.

சிந்தனை சார்ந்தவை

* கருத்துருவாக்குநர்: கடினமான சிக்கல்களுக்குப் புதிய தீர்வுகளைக் காண்பவர். ஆங்கிலத்தில் இவர் 'பிளாண்ட்' எனப்படுகிறார். ஆய்வின்போது இத்தகைய ஒருவரைக் குழுவில் 'நட்டு' வைத்ததால் அப்பெயர் ஏற்பட்டது. நடைமுறை விவரங்களைக் கவனியாது விடுவார்.
* மதிப்பீட்டாளர்: எல்லா வழிகளையும் நிதானமாக எடைபோடுபவர். பிறரிடம் ஊக்கத்தை ஏற்படுத்த இயலாதவர்.
* துறை வல்லுநர்: ஒரு குறிப்பிட்ட துறையில் அரிய அறிவு உடையவர். அவரது பங்களிப்பு அத்துறைக்குள் அடங்கிவிடும்.

மக்கள் சார்ந்தவை

* ஒருங்கிணைப்பாளர்: இலக்கைத் தெளிவாக்கி, உரியவரிடம் உரிய பணியை ஒப்படைப்பவர். தம் பணியையும் பிறரிடம் தள்ளிவிடுகிறார் என்ற எண்ணம் தோன்றலாம்.
* இணக்குநர்: செவிமடுத்து, உரசல்களைத் தணிப்பவர். நெருக்கடியில் முடிவெடுக்கத் தயங்குவார்.
* வளந்தேடுநர்: வெளியாருடன் தொடர்பு ஏற்படுத்தி வாய்ப்புகளைக் கொண்டுவருபவர். தொடக்க ஆர்வம் விரைவில் தணிந்துவிடும்.

செயல் சார்ந்தவை

* முடுக்குநர்: தடைகளைத் தாண்டிக் குழுவை உந்திச் செல்பவர். பிறர் மனத்தைப் புண்படுத்திவிடக் கூடும்.
* செயற்படுத்துநர்: எண்ணங்களை நடைமுறைத் திட்டமாக மாற்றுபவர். திடீர் மாற்றங்களை எளிதில் ஏற்கமாட்டார்.
* நிறைவாக்குநர்: பிழைகளைத் தேடிக் களைந்து, உரிய நேரத்தில் முடிப்பவர். தேவைக்கு மீறிக் கவலைப்படுவார். பிறரை நம்பிப் பணியை ஒப்படைக்கமாட்டார்.

ஒன்பது பங்குகள் இருப்பதால் ஒன்பது பேர் தேவை என்பது பொருள் அல்ல. பெரும்பாலானோருக்கு இயல்பாக வருவன இரண்டு அல்லது மூன்று பங்குகள் இருக்கும். எனவே நான்கு பேர் கொண்ட ஒரு குழுவும் தேவையான பங்குகளை எல்லாம் நிறைவு செய்யலாம்.

பொறுத்துக்கொள்ளத்தக்க குறைகள்

மேற்கண்ட பட்டியலில் ஒவ்வொரு வலிமையுடனும் ஒரு குறை சேர்ந்திருப்பது நோக்கத்தக்கது. இக்குறைகளை அந்த வலிமைக்காகச் செலுத்தும் விலை என பெல்பின் கருதினார். கற்பனையில் மூழ்கும் ஒருவரிடம் விவரப் பட்டியலை ஒழுங்காகப் பேணுமாறு வற்புறுத்தினால், பட்டியலும் சரியாக அமையாது, கற்பனையும் வற்றிவிடும். குறையைத் திருத்த முயல்வதைவிட, அக்குறையை ஈடுசெய்யக்கூடிய இன்னொருவரை அருகில் அமர்த்துவதே சிறந்தது.

எனினும், இதற்கு ஓர் எல்லை உண்டு. முடுக்குநர் சற்றுக் கடுமையாகப் பேசுவதைப் பொறுத்துக்கொள்ளலாம். அவர் உடன் பணிபுரிவோரை இழிவுபடுத்துவதைப் பொறுத்துக்கொள்ள இயலாது. வலிமை எதனுடனும் தொடர்பற்ற தீய நடத்தைக்கு இக்கோட்பாடு சாக்காக அமைவதில்லை.

நடைமுறைப் பயன்பாடு

ஒரு மென்பொருள் குழுவை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஐந்து நிரலாளர்களும் கருத்துருவாக்குநர்களாக இருந்தால், வடிவமைப்பு ஒவ்வொரு வாரமும் மாறிக்கொண்டிருக்கும், வெளியீடு நிகழாது. ஐவரும் செயற்படுத்துநர்களாக இருந்தால், தவறான வடிவமைப்பு குறித்த நாளில் ஒழுங்காக முடிக்கப்பட்டுவிடும். வழு அறிக்கைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் நிறைவாக்குநர் ஒருவர் இல்லாவிட்டால், பிழைகளைப் பயனர்களே கண்டுபிடிக்க நேரிடும்.

கல்லூரியின் இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கும் இது பொருந்தும். மதிப்பெண் மிகுந்த நால்வர் ஒன்றுசேர்வது வழக்கம். ஆனால் அறிக்கையை எழுதி முடிப்பவர், வழிகாட்டும் ஆசிரியரிடமும் ஆய்வகத்திலும் பேசி வேண்டியதைப் பெறுபவர் ஆகியோர் இல்லாத குழு இறுதி வாரத்தில் திணறும்.

பணியிட மதிப்பீடுகளில் இதன் முக்கியத்துவம் மிகுதி. எழுதிய நிரல், மூடிய வழுக்கள், பெற்ற விற்பனை ஆகியவை எளிதில் எண்ணத்தக்கவை. சண்டையைத் தணித்த இணக்குநரின் பணியும், தவறான முடிவைத் தடுத்த மதிப்பீட்டாளரின் பணியும் எண்ணிக்கையில் வாரா. இதனால் அவர்கள் பங்களிப்புக் குறைந்தோராகக் கருதப்பட்டு, ஆட்குறைப்பின்போது முதலில் நீக்கப்படக் கூடும். அவர்கள் சென்றபின் குழுவின் வேகம் ஏன் குறைந்தது என்பது எவருக்கும் விளங்குவதில்லை. இத்தகைய பங்களிப்புகளுக்கு ஒரு பெயர் தந்து, அவற்றைப் பேசத்தக்கவை ஆக்கியது இக்கோட்பாட்டின் முதன்மைப் பயனாகும்.

விமர்சனங்கள்

1981 ஆம் ஆண்டு நூலில், வாசகர் தம் பங்கைத் தாமே அறிந்துகொள்ள ஒரு வினாத்தாள் தரப்பட்டிருந்தது. அதில் ஏழு பிரிவுகள் இருந்தன. ஒவ்வொரு பிரிவிலும் பத்துப் புள்ளிகளைக் கூற்றுகளுக்கிடையே பகிர்ந்தளிக்க வேண்டும். இம்முறையில் ஒரு பங்கின் மதிப்பு கூடினால் வேறொன்றின் மதிப்பு கட்டாயம் குறையும். ஆகவே எல்லாவற்றிலும் வலிமை மிக்க ஒருவரையும், எல்லாவற்றிலும் வலிமை குன்றிய ஒருவரையும் இவ்வினாத்தாளால் வேறுபடுத்த இயலாது. 1993 இல் ஏட்ரியன் ஃபர்ன்காமும் உடன் ஆய்வாளர்களும் இதன் உளவளவையியல் நம்பகத்தன்மையை வினவினர். பெல்பின் அதற்கு மறுமொழி எழுதினார். ஒருவர் தம்மைப் பற்றித் தாமே கூறுவது போதுமானதன்று என்பதால், உடன் பணிபுரிவோரின் மதிப்பீடும் பின்னர் இம்முறையில் சேர்க்கப்பட்டது.

பிறிதொரு சிக்கல் முத்திரை குத்துதல் ஆகும். 'நீ நிறைவாக்குநர்' என்று ஒருவரிடம் கூறிவிட்டு, ஆண்டுக்கணக்கில் பிழை திருத்தும் பணியையே அவருக்குத் தந்தால், அவரது ஏனைய திறன்கள் வளர வாய்ப்பிராது. நடத்தை சூழலுக்கும் அனுபவத்துக்கும் ஏற்ப மாறக்கூடியது என்பதால், பங்குகளை நிலையான குணங்களாகக் கொள்ளுதல் தவறாகும்.

ஒப்பிடத்தக்க கருத்துகள்

ஒருவரின் குறைகளைவிட வலிமைகளை அடிப்படையாகக் கொண்டே பணியமர்த்த வேண்டும் என்பதைப் பீட்டர் டிரக்கர் 1960களிலேயே வலியுறுத்தினார். பிரெட் புரூக்ஸ் 1975 இல் வெளியிட்ட மென்பொருள் மேலாண்மை நூலில், அறுவை மருத்துவக் குழுவைப் போன்று ஒரு தலைமை நிரலாளரைச் சுற்றி வெவ்வேறு திறன் உடையோர் அமையும் பத்துப் பேர் கொண்ட குழுவை விவரித்தார். டொனால்ட் கிளிஃப்டன் உருவாக்கிய முறை, தனியாளின் வலிமைகளை 34 கருப்பொருள்களாகப் பிரிக்கின்றது. இது 2001 இல் மார்க்கசு பக்கிங்காமுடன் இணைந்து அவர் எழுதிய நூலின் வழி பரவலாக அறியப்பட்டது. கிளிஃப்டனின் முறை தனியாளில் இருந்து தொடங்குகிறது. பெல்பினின் முறையோ குழுவுக்குத் தேவையான பங்கு எது என்பதில் இருந்து தொடங்குகிறது. இதுவே இவ்விரண்டுக்கும் இடையிலான முதன்மை வேறுபாடு ஆகும்.