கிளி பறந்து போனால் பிழைக்குமா?

பிப்ரவரி பிறந்துவிட்டால் ஆர்.கே.புரத்தில் கிளிகளின் கூச்சல் காதைத் துளைக்கும். மரப் பொந்துகளிலும், ஐந்தாம் செக்டரில் உள்ள லோதி காலத்துக் கல்லறைகளின் சுவர் இடுக்குகளிலும் பச்சைக் கிளிகள் முட்டையிட இடம் தேடிச் சண்டையிடும் காலம் அது. அதே வேளையில் அரசுக் குடியிருப்புகளின் பால்கனிகளில் கூண்டுகளும் தொங்குகின்றன. சிலவற்றில் இதே பச்சைக் கிளி. மற்றவற்றில், ஜமா மசூதிப் பக்கத்துக் கடைகளில் வாங்கிய லவ் பேர்ட்ஸ், அல்லது கொண்டை வைத்த காக்கட்டீல்.

பார்வைக்கு எல்லாம் கிளி இனந்தான். ஆனால் ஒன்று கூண்டில் இருக்கவே கூடாதது. மற்றொன்று கூண்டைவிட்டுப் போனால் பிழைக்காதது. இது தெரியாமல் முதலாவதைப் பூட்டி வைத்துக்கொண்டு, இரண்டாவதைப் புண்ணியம் என்று நினைத்துப் பறக்க விடுகிறவர்கள் உண்டு.

முதலில் பச்சைக் கிளி. ஆண்டாள் தோளிலும் மீனாட்சியம்மன் கையிலும் கிளியைப் பார்த்து வளர்ந்த நமக்கு, வீட்டில் ஒரு கிளி இருப்பது குற்றம் என்றால் நம்பத் தோன்றாது. (ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கிளி தினந்தோறும் இலைகளால் புதிதாகச் செய்யப்படுவது, அதற்குக் கூண்டு கிடையாது.) 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளியைப் பிடிப்பதும், விற்பதும், வளர்ப்பதும் குற்றம். 2023 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த திருத்தம் அதை இரண்டாம் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. எந்தக் குற்ற வழக்கிலானாலும் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருக்க நேர்ந்தால், மத்திய அரசு ஊழியர் தற்காலிகப் பணி நீக்கம் செய்யப்பட்டவராகவே கருதப்படுவார் என்பது விதி. பேசும் கிளிக்காக அந்த விலை கொடுக்க எந்த குமாஸ்தாவாலும் முடியாது.

ஊரிலும் இதே நிலைதான். 2023 ஜூலையில் கோவை வனத்துறை, வீட்டில் கிளி வைத்திருப்பவர்கள் ஒப்படைத்துவிட வேண்டும் என்று கெடு வைத்தது.

அதற்காக உடனே கூண்டைத் திறந்துவிடுவதும் சரியல்ல. குஞ்சிலேயே பிடிபட்டு, இறகு வெட்டப்பட்டு, பருப்புச் சாதம் தின்றே வளர்ந்த கிளிக்குப் பருந்தைக் கண்டால் ஒளியத் தெரியாது. அதைத் தில்லி வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை. அடிபட்ட பறவையானால், செங்கோட்டைக்கு எதிரே ஜைனர்களின் லால் மந்திரில் உள்ள தரும பறவை மருத்துவமனை இருக்கிறது. கட்டணம் கிடையாது. அங்கு சேர்க்கப்பட்டுக் குணமாகும் பறவை மறுபடி கூண்டுக்குப் போகாது, வானத்துக்குத்தான் போகும்.

இனி லவ் பேர்ட்ஸ். வியாபாரிகள் இந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பட்ஜெரிகர் என்னும் சிறு கிளி. (உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது.) காக்கட்டீலுக்கும் ஆஸ்திரேலியாவே தாய்நாடு. இவற்றை வளர்க்கத் தடையில்லை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற விலையுயர்ந்த இனங்களை வைத்திருப்போர் மட்டும் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

பட்ஜெரிகர் காட்டில் பச்சை நிறம். புல்லோடு புல்லாக மறைந்துவிடும். கூண்டில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்து மஞ்சளும் நீலமும் வெள்ளையுமாக மாறிய பறவை தில்லி மரத்தில் உட்கார்ந்தால், காகத்துக்கும் வல்லூறுக்கும் யாரும் அடையாளம் காட்ட வேண்டியதில்லை. உலகத்திலேயே பருந்துகள் மிக நெருக்கமாக வாழும் நகரங்களுள் தில்லியும் ஒன்று என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நம் பச்சைக் கிளி லண்டனில் கூண்டைவிட்டுத் தப்பி, அந்தக் குளிரிலும் பல்லாயிரமாகப் பெருகிவிட்டது. முப்பது நாற்பது கிராம் எடையுள்ள பட்ஜெரிகருக்கு அந்தச் சாமர்த்தியத்தை இங்கே எதிர்பார்க்க முடியாது.

ஆகஸ்ட் மாதம் மிகவும் மோசம். சுதந்திர தினத்தை ஒட்டி மொட்டை மாடிகளிலிருந்து எழும் பட்டங்களின் மாஞ்சா நூல், வானத்தில் பறக்கும் எதையும் அறுக்கும். நைலான் மாஞ்சாவுக்கும் கண்ணாடித் தூள் பூசிய நூலுக்கும் 2017-ல் தடை வந்தது. எனினும் சிறகு அறுந்த பறவைகள் வருவது நிற்கவில்லை.

கூண்டுக்குள் இருந்தாலும் பால்கனி பத்திரமான இடமல்ல. பூனைக்குக் கூண்டின் கதவு தேவையில்லை. கம்பி வழியே ஒரு நகம் போதும். குரங்குகள் கொக்கியைத் திறக்கப் பழகியவை. சிறு பூட்டோ, சுருள் கொக்கியோ போட்டு, இரவில் கூண்டை உள்ளே எடுத்து வைப்பதே நல்லது. மே, ஜூனில் மேற்குப் பார்த்த பால்கனியில் கூண்டைத் தொங்கவிடுவது கொடுமை. பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது; வாயைத் திறந்து இரைத்தால், சிறகை விரித்து நின்றால், வெப்பம் தாங்கவில்லை என்று அர்த்தம். குளிர்காலத்தில் உள்ளே எடுக்கும்போது கரி அங்கீட்டி வைத்த அறை வேண்டாம். பறவையின் நுரையீரல் புகையை மனிதனுக்கு முன்பே உணரும். பிரிட்டிஷ் சுரங்கங்களில் விஷ வாயுவைக் காட்ட 1986 வரை கூண்டுப் பறவைகளைத்தானே வைத்திருந்தார்கள்!

தப்பிப் போவது பெரும்பாலும் நம் கவனக் குறைவால். தீனிக் கிண்ணத்தை மாற்றும் நேரத்தில் பால்காரர் மணி அடிப்பார், ஜாலிக் கதவு திறந்திருக்கும், பறவை போய்விடும். அக்டோபரில் ஜன்னல் கூலரைக் கழற்றியபின் அடைக்காமல் விட்ட சந்தும் இதற்கு வழி. இறகை வெட்டிவிட்டோமே என்று இருப்பதும் தவறு. பழைய இறகு உதிர்ந்து புதிது முளைத்ததும் யாரும் கவனிக்காமலே அது பறக்கத் தயாராகிவிடும். அரைகுறையாக வெட்டிய இறகோடும் காற்று அதைத் தூக்கிப் போகும்.

போய்விட்டால் துரத்தக் கூடாது. துரத்தினால் இன்னும் உயரே போகும். ஏறத் தெரிந்த பறவைக்கு இறங்கத் தெரியாது என்பதே பிரச்னை. ஜோடிப் பறவை இருந்தால் அதன் கூண்டைப் பத்திரமாகப் பூட்டி, பால்கனியில் அருகிலேயே ஆளோடு வைக்க வேண்டும். அதன் குரலுக்குத் தப்பியது பதில் கொடுக்கும். பழகிய தினையைக் காலிக் கூண்டில் போட்டுக் கதவைத் திறந்து வைக்கலாம். இருட்டிவிட்டால் அது இருந்த கிளையை மட்டும் குறித்துக்கொண்டு, மறுநாள் விடியுமுன் அங்கே போய் நிற்க வேண்டும். பசித்த பறவை காலையில்தான் இறங்கும். அதற்குள் பக்கத்து பிளாக்குகளுக்கும், மரத்தடியில் இஸ்திரி போடுபவருக்கும் சொல்லி வைப்பது அவசியம். நாள் முழுவதும் அந்த மரத்தின் கீழேயே நிற்பவர் அவர்தான்.