பாலாவிக் கரையில்

காணாத ஊரைக் காண்பதற்கே பயணம் செய்கிறோம் என்பர். நான் விரும்பிச் செல்லும் நகரமோ இன்று எவர் கண்ணுக்கும் புலப்படாதது. மாதோட்டம் என்பது அதன் பெயர். அநுராதபுர அரசின் கடல்வாயிலாய் விளங்கிய அத்துறைமுகப் பட்டினம் மண்மேடாகக் கிடக்கிறது. 1980களில் அங்கே நிகழ்ந்த அகழ்வாய்வில் சீனத்துப் பாண்டங்களும் மேற்காசியப் பாண்டங்களும் உடைந்த துண்டுகளாய் வெளிப்பட்டன. மன்னார் நகரிலிருந்து தாம்போதியைக் கடந்து, பெருநிலப் பக்கமாக ஏறத்தாழ 10 கிலோமீற்றர் சென்றால் அம்மேட்டை அடையலாம். அதன் அருகேதான் திருக்கேதீஸ்வரம் இருக்கிறது.

திருவிழாக் கூட்டம் இல்லாத நாட்களில் பலமுறை அங்கே சென்றிருக்கிறேன். பாலாவித் தீர்த்தத்தின் கரையில் அமர்ந்தால், நீர் அசைவற்றுக் கிடக்கும். எங்கேனும் ஒரு மயில் அகவும். பேச்சு அடங்கிச் சிறிது நேரத்தில் நினைவும் அடங்கிவிடும். அதன்பின் எழுதும் விருப்பம் முயற்சியின்றியே எழும். வீட்டில் பலநாள் பிடிகொடாத வாக்கியம் அங்கே தானாக வந்து அமைந்ததுண்டு. இம்மகிழ்ச்சிக்குக் காரணம் தனிமை மட்டுமா? தனிமை வேறு ஊர்களிலும் கிடைக்கின்றதே!

காரணம் இத்தலத்தின் இரண்டு பதிகங்களில் உள்ளது என்று கருதுகிறேன். ஈழத்தில் தேவாரப் பதிகம் பெற்ற தலங்கள் திருக்கோணமலையும் திருக்கேதீஸ்வரமும் ஆகும். ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தரும், அவருக்குப் பின் சுந்தரரும் கேதீச்சரத்தைப் பாடினர். இருவரும் கடல் கடந்து வந்து பாடவில்லை. இராமேசுவரத்தில் இருந்தே பாடினர் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. ஆயினும் சம்பந்தர் பாட்டில் வண்டு பண்ணிசைக்க மயில் ஆடுகிறது. சுந்தரர் பாட்டில் மரக்கலங்கள் மலிந்த கடல் விரிகிறது; பாலாவிக் கரை மீண்டும் மீண்டும் வருகிறது. அக்கரையில் நின்று நீராடாதவர் அதனை இவ்வளவு நெருங்கிப் பாட வேண்டுமாயின், உள்ளம் எத்துணை அமைதியில் இருந்திருக்க வேண்டும்!

பிற்காலத்தில் அப்பாடல் செய்த பணி பெரிது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தனர். அதன் கற்கள் மன்னார்க் கோட்டைக்குச் சென்றன என்பது வழிவழி வந்த செய்தி. அதன்பின் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் அங்கே கோயில் இல்லை, காடு இருந்தது. பதிகங்களை ஓதிய நாவுகளே தலத்தின் பெயரையும் பாலாவியின் பெயரையும் காத்து வந்தன. 1872இல் ஆறுமுக நாவலர் இத்தலத்தை மீட்குமாறு சைவ மக்களுக்கு எழுதினார். 1893இல் காணி வாங்கப்பட்டது. 1903இல் குடமுழுக்கு நடந்தது. 1948இல் திருப்பணிச் சபை தோன்றியது. 1990இல் போர் மக்களைப் பெயர்த்து மீண்டும் வழிபாட்டைத் தடுத்தது. இன்றுள்ள கருங்கற் கோயிலுக்கு 2022 ஜூலை 6இல் குடமுழுக்கு நிகழ்ந்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுதல் தகாது. 2013 டிசம்பரில், இக்கோயிலுக்கு அண்மையில் நீர்க்குழாய் பதிக்க மண்ணைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. ஒன்றல்ல, பல உடல்களின் எலும்புகள். இடிந்த கோயிலின் பெயரைச் சொல்லப் பாடல் இருந்தது. அம்மண்ணில் கிடந்தோரின் பெயரைச் சொல்ல எது இருக்கிறது? பாலாவிக் கரையின் அமைதியில் இக்கேள்வியும் உடன் வந்து அமர்கிறது. அதனை விலக்கிவிட்டுப் பெறும் அமைதி மறதியேயன்றி வேறில்லை. எழுதுகோலை எடுப்போனுக்கு அங்கே கிடைக்கும் மகிழ்ச்சி ஒரு கடமையோடு சேர்ந்தே கிடைக்கிறது: உள்ள ஊரை, இருந்த மனிதரை, பின்வருவோர் அடையாளம் காணும்படி எழுதி வைத்தல்.

ஆசிரியப் பெருமக்கள் மாணவரை இத்தலத்திற்கு அழைத்துச் செல்வதாயின், முதலில் அவ்விரு பதிகங்களையும் வகுப்பில் படிக்கச் செய்யுங்கள். பிறகு பாலாவிக் கரையில் ஒரு நாழிகை பேசாது இருக்கவிடுங்கள். திரும்பி வந்ததும் கோயிலைப் பற்றிக் கட்டுரை கேளாதீர்கள். தத்தம் ஊரிலுள்ள ஒரு குளத்தையோ ஒரு தெருவையோ, அது நாளை இல்லாமற் போயினும் பிறர் தேடிக் கண்டுகொள்ளும் வண்ணம் எழுதச் சொல்லுங்கள்.