காதில் நிற்கும் குரல்

கொடைக்கானலில் வயதான கிரிக்கெட் ரசிகர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள்: "1986 செப்டம்பர் 22-இல் சேப்பாக்கம் டெஸ்ட் முடிந்தபோது வானொலி வர்ணனையாளர் என்ன சொன்னார்?" மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. ஆனார், இந்தியாவின் ஓட்டங்களும் ஆஸ்திரேலியாவின் ஓட்டங்களும் சமமாயின, ஒரு பந்து மீதமிருந்தது. பெரியவர் அந்தக் குரலிலேயே சொல்லிக் காட்டக்கூடும். அடுத்த வீட்டுப் பெரியவரோ வேறு சொற்களைச் சொல்லலாம். இருவரும் பொய் சொல்கிறார்களா? இல்லை.

நம் மூளை ஒலிப்பதிவு நாடா அன்று. பரபரப்பான வேளையில் மூளையிலுள்ள அமிக்டலா என்னும் பகுதி அந்நிகழ்ச்சியை ஆழப் பதிக்க உதவுகிறது. ஆனால் சொற்கள் அப்படியே பதிவதில்லை. நினைவுகூரும் ஒவ்வொரு முறையும் மூளை அக்காட்சியைப் புதிதாகக் கட்டுகிறது. விடுபட்ட இடங்களைப் பின்னால் படித்த செய்தியாலும் நண்பர்கள் பேச்சாலும் நிரப்பிக்கொள்கிறது.

உளவியலறிஞர் உல்ரிக் நைசருக்கே இது நேர்ந்தது. 1941 டிசம்பர் 7-இல் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட செய்தி, தாம் கேட்டுக்கொண்டிருந்த பேஸ்பால் வர்ணனையின் இடையே வந்ததாகப் பல ஆண்டுகள் நம்பினார். டிசம்பரில் அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டமே கிடையாது என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது! அன்று வானொலியில் ஒலித்தது அமெரிக்கக் கால்பந்தாட்டமாக இருக்கலாம் என்று பிற ஆய்வாளர்கள் கருதினர்.

எனவே, 'நன்றாக நினைவிருக்கிறது' என்னும் உறுதி மட்டும் சான்றாகாது. நீதிமன்றச் சாட்சிக்கும் இது பொருந்தும். அடுத்த ஆட்டத்தின் வர்ணனையைக் கேட்டதும் எழுதி வையுங்கள். ஓராண்டு கழித்து உங்கள் நினைவோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு உங்களை வியக்கவைக்கலாம்!